களப்பு நீரிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்

முல்லைத்தீவுப் பகுதியில் விஞ்ஞான ஆசிரியர்களுக்குக் கரையோரச் சூழல் பற்றிய செயலமர்வு நடத்துவோர், திரையில் படங்களைக் காட்டத் தொடங்குவதற்கு முன், நந்திக்கடல் களப்பு கடலோடு சேரும் வட்டுவாகலுக்கு அவர்களை அழைத்துச் சென்று, களப்பிலும் கடலிலும் ஒவ்வொரு போத்தல் நீர் எடுக்கச் செய்யுங்கள்.

இரு நீரின் உவரையும் ஒப்பிட, பானம் உறிஞ்சும் குழாய் ஒன்றின் அடியைக் களிமண்ணால் அடைத்து, அது நிமிர்ந்து மிதக்கும் அளவுக்குச் சிறிது மணல் இட்டு, மழைநீரில் அமிழும் மட்டத்தை அழியாத மையால் குறித்துக்கொள்ளுங்கள். கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது; ஆகவே நன்னீரில் 10 சென்ரிமீற்றர் அமிழும் குழாய், கடல்நீரில் ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் மேலெழும். வேறுபாடு சிறியது என்பதால், கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்தே வாசிக்க வேண்டும். (முட்டையை மிதக்கவிடும் சோதனை இதற்கு உதவாது, புதிய முட்டை கடல்நீரிலும் தாழ்ந்துவிடும்.)

களப்பு நீரில் அந்தக் குறி எங்கே நிற்கிறது என்பதே பாடத்தின் உயிர். மாரியில் வெள்ளம் வந்து சேரும்போது களப்பு நன்னீரை நெருங்கும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்து, நீர் ஆவியாக ஆவியாக உவர் ஏறும். கார்த்திகையிலும் ஆடியிலும் எடுத்த இரு அளவீடுகளை அருகருகே வைத்து, களப்பில் வளரும் இறால் எப்போது கடலுக்குப் போகிறது, ஏன் போகிறது என்ற வினாக்களை ஆசிரியரே எழுதட்டும். ஆயத்த வினாத்தாளைக் கையில் கொடுத்துவிட்டால், அவர் பாடத்தை ஒப்புவிப்பாரே தவிர ஆக்கமாட்டார்.

முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் நீரோட்டம் பலமானது. பின்னர் பிள்ளைகளுடன் இதைச் செய்யும்போது அவர்களை அங்கே இறக்காமல், வலை வீசும் மீனவர் ஒருவரிடம் போத்தலைக் கொடுத்து நீரை எடுப்பித்துக்கொள்ளுங்கள்.