செம்மண்ணில் டிடெக்டர்: காயில் வாங்கும்போது செய்யக்கூடாதவை

விர்ஜீனியாவின் கல்பெப்பர் கவுண்டியில் மக்காச்சோள அறுவடை முடிந்ததும் வயல்களில் மெட்டல் டிடெக்டரும் கையுமாக ஆட்கள் இறங்கிவிடுவார்கள். காரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூன் 9 அன்று, பிராண்டி ஸ்டேஷனில் இரு தரப்புக் குதிரைப்படைகளும் மோதிக்கொண்டன. அந்தக் குளிர்காலம் தொடங்கி 1864 மே வரை வடக்கத்தியரின் பொட்டோமக் படை, ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், இந்த வட்டாரத்தில்தான் குடிசை கட்டிக் கிடந்தார்கள். அவர்கள் விட்டுப்போன தோட்டா, பித்தளைப் பொத்தான், பெல்ட் பக்கிள் எல்லாம் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. எமனாக நிற்பது அந்த மண்தான்.

புதிதாக வருகிற நம் ஆட்கள் ஒருவர் விடாமல் அதே பள்ளத்தில் விழுகிறார்கள். நானும் விழுந்து எழுந்தவன்தான். இரும்பு முனை வைத்த பூட்ஸ் போடாதே, நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கு என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. மனாசஸ் போன்ற தேசியப் பூங்காப் போர்க்களங்களில் டிடெக்டரோடு நடப்பதே குற்றம் என்பதும் தெரிந்திருக்கும். டிடெக்டர் தண்டின் நுனியில், மண்ணுக்கு மேல் ஓட்டுகிற தட்டு இருக்கிறதே, அந்தக் காயிலைப் பற்றி மட்டும் பேசுவோம்.

பெரிய காயில், அதிக ஆழம்

இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. முழுப் பொய்யாக இருந்தால்கூடப் பரவாயில்லை, பாதி உண்மை. தாது குறைந்த, சாதுவான மண்ணில் பெரிய காயில் ஆழம் போகத்தான் செய்யும். அதை நம்பி கல்பெப்பருக்கும் அதையே வாங்கி வருகிறார்கள்.

இங்கே படிவுப் பாறைகளுக்கு ஊடே டயாபேஸ் என்கிற கரும்பாறை குழம்பாகப் புகுந்து இறுகியிருக்கிறது. அது சிதைந்து உண்டான மண்ணில் மேக்னடைட் போன்ற இரும்புத் தாதுத் துகள்கள் ஏராளம். சாதாரண விஎல்எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்) டிடெக்டர் காந்தப்புலத்தை அனுப்பினால் முதலில் பதில் சொல்வது மண்தான். தோட்டாவின் பதில் அதற்குள் அமுங்கிக் கிடக்கும். காயில் பெரிதாக ஆக, அது ஒரே நேரத்தில் பார்க்கிற மண்ணும் கூடுகிறது. கெட்டிமேளம் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லையென்று மேளக்காரருக்கு இன்னும் அருகே போய் உட்கார்வதைப் போன்ற வேலை இது.

அடுத்து நடப்பது என்ன? டிடெக்டர் ஓயாமல் கத்தும். சத்தம் தாங்காமல் சென்சிட்டிவிட்டியைக் குறைப்பார்கள். ஆழத்துக்காகக் காசு கொடுத்து வாங்கிய காயில், அந்த ஆழத்தை அங்கேயே தொலைத்துவிடும். காயிலின் அகலத்தைத் தாண்டிய தூரத்தில், தூரம் இரட்டிப்பானால் சிறிய பொருளின் சிக்னல் சுமார் 64-இல் ஒரு பங்காகச் சுருங்கும். அந்தச் சுருங்கிய சிக்னலையும் சேர்த்துத்தான் குறைத்து வைக்கிறோம்.

போன குளிர்காலத்தில் ஐடி வேலையில் இருக்கும் ஒரு தம்பி கூட வந்தார். விஎல்எஃப் கருவியில் புத்தம் புதிய 15 அங்குல காயில். "அண்ணே, ஒரு அடி ஆழத்துல இருந்தாலும் தூக்கிரும்" என்றார். நாங்கள் நின்றது பழைய குடிசை வரிசை இருந்த மேடு. அடுப்புக் கற்கள் இன்னும் தலை நீட்டிக்கொண்டிருந்தன. சுவிட்சைப் போட்டதும் கருவி அலறியது. அவர் சென்சிட்டிவிட்டியைப் பாதிக்குக் கொண்டுவந்தார். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் பையில் இருந்தது ஒரு பிடி சதுர ஆணி.

சாப்பிட்டதும் அவர் நடந்து முடித்த இடத்திலேயே என் 5×10 அங்குல டபுள்-டி காயிலை, அதாவது D வடிவச் சுருள் இரண்டு கொண்டதை, ஓட்டினேன். ஒரு பக்கமிருந்து வந்தால் உடைந்த சத்தம். தொண்ணூறு பாகை திரும்பி மறுபடி ஓட்டினால் ஓரளவு தெளிவான சத்தம். எந்த உலோகம் என்று சொல்லும் திரை எண் மட்டும் இரும்பு என்றுதான் காட்டியது. இந்த மண்ணில் சில அங்குலம் கீழே போனாலே ஈயத்தையும் இரும்பு என்றுதான் திரை சொல்லும். தோண்டினோம். செங்களிமண் கட்டியை உடைத்தால் உள்ளே வெள்ளை பூத்த மினியே தோட்டா (அந்தப் போரின் கூம்பு வடிவ ஈயத் தோட்டா), அடிப்பக்கம் மூன்று வளையம், குழிக்குள் மண் அடைத்திருந்தது. ஒரு சாண் தள்ளி ஆணி. அவருடைய காயிலுக்கு அந்த இரண்டும் சேர்ந்து ஒரே ஆணியாகத்தான் தெரிந்திருக்கும்.

"அப்போ இத என்னண்ணே பண்றது?"

"வித்துரு."

விற்கவில்லை. எடை தாங்காமல் தோள் வலிக்கிறது என்கிறார், இன்னும் அதையேதான் தூக்கிக்கொண்டு வருகிறார்.

குடிசை மேடுகளுக்கு 5×10 போன்ற நீள்வட்ட டபுள்-டி போதும். டபுள்-டி காயில் நடுவில் ஒரு மெல்லிய பட்டையாக மண்ணைப் பார்க்கும்; வட்டத்துக்குள் வட்டமாகச் சுருள் வைத்த கான்சென்ட்ரிக் காயில் கூம்பு போல அகலமாகப் பார்க்கும். ஆணி குறைந்த திறந்தவெளிக்கு 11 அங்குலம். அதற்கு மேல் ஆழம் போக வேண்டும் என்றால் காயிலை மாற்றிப் பயனில்லை, கருவியையே பல்ஸ் இண்டக்ஷனுக்கு, அதாவது காந்தப்புலத்தை விட்டு விட்டுத் துடிப்பாக அனுப்பும் வகைக்கு, மாற்ற வேண்டும்.

பல்ஸ் கருவி என்றால் மோனோ காயில்தான்

ஆஸ்திரேலியாவில் தங்கம் தேடுகிறவர்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிற ஆசை இது. அனுப்பவும் வாங்கவும் ஒரே சுருள் வைத்த மோனோ ஆழம் போகும், உண்மை. ஆனால் மைன்லேப் ஜிபிஎக்ஸ் 4500, 5000 போன்ற கருவிகளில் இரும்பை ஒதுக்கும் வசதி டபுள்-டி காயில் மாட்டினால்தான் வேலை செய்யும். அந்த வசதியும் நூற்றுக்கு நூறு நம்பகமில்லை, மேலோட்டமாகக் கிடக்கும் இரும்புக்குத்தான் சரிப்படும். இருந்தாலும் ஆணி மேட்டில் அதுகூட இல்லாமல் மோனோவோடு இறங்கினால் மாலைக்குள் முதுகு போய்விடும். சண்டை நடந்த வெறும் புல்வெளியில் மட்டும் மோனோ மாட்டுங்கள்.

சிவப்பாக இருந்தால் கெட்ட மண்

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சிவப்பைத் தருவது பெரும்பாலும் ஹெமடைட். டிடெக்டரை அலைக்கழிப்பது மேக்னடைட்டும் மேகமைட்டும். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காய்ந்த மண்ணில் இழுத்துப் பாருங்கள். கறுப்பு மீசை முளைத்தால் சிறிய காயிலை எடுங்கள். ஃபிஷர் எஃப்75 போன்ற கருவிகளின் திரையில் இந்தத் தாதுவை அளந்து காட்டும் பட்டையே உண்டு. பலர் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை.

காயிலை மாற்றிவிட்டு அப்படியே நடப்பது

மண்ணின் சிக்னலை ஒதுக்கும்படி கருவியைச் சரிசெய்வதுதான் கிரவுண்ட் பேலன்ஸ்; அதை மறுபடி செய்யுங்கள்.

காயில் கவரைக் கழற்றாமலே இருப்பது

கவருக்கும் காயிலுக்கும் நடுவே இந்த மண் புகுந்துவிட்டால் நாள் முழுக்கப் பொய்ச் சிக்னல்தான். கழற்றி, துடைத்து, மாட்டுங்கள்.

தொங்கும் கேபிள்

தண்டோடு இறுக்கிச் சுற்றுங்கள்.

பழைய காயிலை மலிவாக வாங்குவது

பிளக் நுழைகிறது என்பதற்காக வாங்காதீர்கள். ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் அதிர்வெண் மாறும், காயிலும் அதற்கேற்ப மாறும். விற்பவரிடம் உங்கள் மாடல் பெயரைச் சொல்லி, மாட்டி ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். "எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.