பழைய மாசி டிராக்டருக்குப் பிரைமரும் பெயின்டும் அடிக்கும் முறை

பழைய டிராக்டரைப் பிரித்துச் சீரமைக்கும் பலர், இன்ஜின் வேலைக்கு மாதக்கணக்கில் பொறுமை காட்டிவிட்டுப் பெயின்ட் வேலையை மட்டும் இரண்டே நாளில் முடித்துவிட நினைக்கிறார்கள். அப்படி அவசரமாகப் பூசிய வண்டியில் அடுத்த மழைக்காலத்துக்குள் மட்கார்டு ஓரம் கொப்பளித்து, கியர் பெட்டி மேல் பெயின்ட் செதில் செதிலாக எழும்பி நிற்பதைப் பார்க்கலாம். வாங்கிய பெயின்ட் மட்டம் என்று அப்போது கடைக்காரரை நொந்துகொள்வார்கள். ஆனால் அந்தச் செதிலைப் பெயர்த்துத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் அதன் உட்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ பழுப்புத் துருவோ ஒட்டிக்கொண்டிருக்கும்.

1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் மாசி பெர்கூசன் கூட்டுடன் தயாரித்த டிராக்டர்கள் நம் ஊர்களில் இன்றும் ஏராளமாக உள்ளன. அவற்றில் 1035 என்ற மாடல் வண்டியையே எடுத்துக்கொள்வோம். பானெட், மட்கார்டு ஆகியவை சிவப்பு. இன்ஜினும் கியர் பெட்டியும் சாம்பல். நிறம் இரண்டாக இருப்பது போலவே இரும்பும் இரண்டு வகை: மேலே மெல்லிய தகடு, கீழே கனத்த வார்ப்பிரும்பு. வார்ப்புக்கு எண்ணெய் பகை, தகட்டுக்கு ஈரம் பகை. இந்த இரண்டையும் ஒரே விதமாகத் தேய்த்து ஒரே நாளில் பூசுவதால்தான் வேலை கெடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் தகடுகள், விளக்குகள், டேங்க், சக்கரங்கள் அனைத்தையும் கழற்றிவிட வேண்டும். கழற்றும்போதே வெயிலும் டீசலும் படாத இடமொன்றைத் தேடி, அங்கிருக்கும் பழைய நிறத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு மூடிக்கு அடியிலோ, மீட்டர் பலகையின் பின்புறத்திலோ உள்ள சிவப்புதான் கம்பெனி அடித்த சிவப்பு. பானெட்டின் மேற்புறத்தில் இருப்பது முப்பது ஆண்டு வெயிலில் வெளுத்த சிவப்பு. அந்த மூடியைக் கொண்டுபோய்க் காட்டினால் பெயின்ட் கடையில் இயந்திரத்தில் கலந்து தருவார்கள். பதிவுச் சான்றிதழில் வண்டியின் நிறமும் பதிந்திருப்பதால், மனம்போன வேறு நிறத்துக்கு மாற்றாமல் பழைய நிறத்தையே அடிப்பது எல்லா வகையிலும் நல்லது.

வார்ப்புப் பகுதியில் தேய்ப்பதற்கு முன்பே பிசுக்கு எடுத்தாக வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. பிசுக்கின் மேல் கம்பி பிரஷ்ஷை ஓட்டினால் அது எண்ணெயை எடுக்காமல் வார்ப்பின் நுண்துளைகளுக்குள் அழுத்தித் தேய்த்துவிடுகிறது. தடித்த மண்ணும் கிரீசும் கலந்த பொருக்கைத் தகட்டுக் கரண்டியால் சுரண்டிவிட்டு, மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, பிறகு சோப்புத்தூள் கரைத்த சுடுநீரால் இரண்டு முறை கழுவ வேண்டும். டீசலால் கழுவி அப்படியே விட்டுவிடுவது பட்டறைகளில் பழக்கம். டீசல் தானே ஓர் எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்வதால், அதன் மேல் பிரைமர் (பெயின்டுக்கு அடியில் பூசும் பூச்சு) பிடிக்காது. நீரடிக்கும் முன் மூச்சுத் துளைகள், டிப்ஸ்டிக் துளை, ஏர் கிளீனர் வாய் ஆகியவற்றை மறக்காமல் அடைத்துவிடுங்கள்.

கழுவிக் காய்ந்த பின் வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்து ஒரே திசையில் துடைத்துப் பாருங்கள். முதல் துணி கறுக்கும், இரண்டாவது பழுப்பாகும், மூன்றாவது வெள்ளையாகவே வந்தால்தான் அந்த இடம் தயார். அப்போதும் நட்டுகளைச் சுற்றியும் ஆயில் சீல் ஓரத்திலும் ஒருநாள் கழித்து மெல்லிய ஈரக்கோடு தெரிந்தால், உள்ளிருந்து எண்ணெய் கசிகிறது என்று பொருள். கசிவை நிறுத்தாமல் பெயின்ட் அடிப்பதில் பயனில்லை. சீலையோ கேஸ்கெட்டையோ மாற்றிவிட்டுத் திரும்ப வாருங்கள். பழைய வார்ப்பை நல்ல வெயிலில் சில மணி நேரம் சூடேற விட்டால் துளைகளில் தங்கிய எண்ணெய் வியர்ப்பது போல மேலே வரும், அதைத் துடைத்துவிடலாம்.

துருவை எடுக்க வார்ப்பில் கம்பிச் சக்கரம் போதும். காற்றழுத்தத்தால் மணலை அடித்துத் துருவை எடுக்கும் மணல் வீச்சு வேகமானதுதான், ஆயினும் சீல்கள் வழியாகவும் மூச்சுத் துளைகள் வழியாகவும் மணல் புகுந்தால் பேரிங் போய்விடும் என்பதால், பூட்டிய நிலையில் உள்ள இன்ஜினிலும் கியர் பெட்டியிலும் அதை நான் பரிந்துரைப்பதில்லை. பானெட் போன்ற மெல்லிய தகட்டில் மணல் வீச்சு வேண்டவே வேண்டாம், தகடு நெளிந்துவிடும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்ப்பதும், முகக்கவசம் அணிவதும், குழந்தைகள் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

வார்ப்பின் சொரசொரப்பைப் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) போட்டு வழவழப்பாக்குவதை நான் ஏற்பதில்லை. மணல் அச்சில் வார்த்த இரும்புக்கு அந்தச் சொரசொரப்பு இயல்பானது. சூட்டிலும் அதிர்விலும் பட்டி விரிசல் விட்டு உதிர்ந்தும் போகும்.

தகட்டின் கதை வேறு. 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 180-ஆம் எண் வரை தேய்த்துப் பளிச்சென்ற இரும்பு தெரிந்தவுடன் அன்றைக்கே எபாக்சி பிரைமர் ஒரு பூச்சு அடித்துவிட வேண்டும். துரு மாற்றும் பாஸ்பாரிக் அமிலத் திரவம் பயன்படுத்தியிருந்தால், அதை நன்றாகக் கழுவி உலர்த்தாமல் எபாக்சியை மேலே அடிக்கக் கூடாது, பிடிமானம் கெடும். ஒடுங்கிய இடங்களை டிங்கர் தட்டி நிமிர்த்திய பிறகு, இறுகிய எபாக்சியின் மேல் சற்றே தேய்த்துவிட்டுப் பட்டி போடுவதே சிறந்தது, ஏனெனில் பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள். அடியில் எபாக்சி இருந்தால் அந்த ஈரம் இரும்பைத் தொடாது. 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் அளவில் அதை இறுகவைக்கும் ஹார்டனர் கலக்கலாம். 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு மேல் கனம் கூடாது. அதற்கு மேல் தேவைப்பட்டால் தகட்டை இன்னும் தட்டி நிமிர்த்த வேண்டியிருக்கிறது என்று கொள்ளுங்கள்.

ரெட் ஆக்சைடு பிரைமர் மலிவானது, எளிதில் கிடைப்பது. மேலே எனாமல் அடிப்பதாக இருந்தால் வார்ப்புக்கு அதுவே போதும். ஆனால் மேல்பூச்சு இல்லாத ரெட் ஆக்சைடு ஈரத்தை உள்ளே விடும். இதை நான் ஒரு மார்கழியில் கற்றுக்கொண்டேன். இரண்டு மட்கார்டுகளுக்கும் மாலையில் ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு, காலையில் பெயின்ட் அடிக்கலாமென்று கொட்டகைக்கு வெளியே சாய்த்து வைத்தேன். விடியலில் பனி இறங்கி நனைந்திருந்ததைத் துடைத்துவிட்டு ஒன்பது மணிக்கே சிவப்பு அடித்தேன். பார்க்க அழகாகத்தான் வந்தது. சித்திரை வெயில் ஏறியபோது கடுகளவில் கொப்புளங்கள் வரிசையாக எழுந்தன. ஒன்றை நகத்தால் கீறினால் அடியில் புதுத் துரு. இரண்டு மட்கார்டையும் இரும்பு தெரியும்வரை மீண்டும் தேய்க்க வேண்டியதாயிற்று. அதனால் பிரைமர் அடித்த பொருளை இரவில் கூரைக்கு உள்ளேயே வையுங்கள்.

மேல்பூச்சுக்கு இருவழி உண்டு. சிந்தெடிக் எனாமல் மெல்ல உலரும், வெயிலில் நாளடைவில் மங்கும். பிழை செய்தாலும் திருத்தலாம். ஹார்டனர் கலக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் வெயிலையும் டீசலையும் நன்றாகத் தாங்கும், ஆனால் அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. துணி முகமூடி அதைத் தடுக்கவே தடுக்காது. வெளியிலிருந்து காற்று வரும் முகக்கவச வசதியுள்ள பெயின்டரிடம் தகடுகளை மட்டும் கொடுத்துவிட்டு, வார்ப்புக்கு வீட்டிலேயே எனாமல் அடிப்பதே என் யோசனை. இறுகாத எனாமலின் மேல் பி.யூ. அடித்தால் அதன் தின்னர் கீழ்ப்பூச்சைச் சுருக்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிவப்புக்கு மறைக்கும் திறன் குறைவு. அடியில் ஓரிடம் சாம்பல் பிரைமர், ஓரிடம் பட்டி என்று இருந்தால் மூன்று பூச்சுக்குப் பிறகும் அது திட்டாகத் தெரியும். எனவே தகடு முழுவதும் ஒரே நிற பிரைமர் அடித்து, 400 வாட்டர் பேப்பரால் தேய்த்த பிறகே சிவப்பைத் தொடங்க வேண்டும். ஆடிக் காற்றில் தூசி ஒட்டும், கோடை நண்பகலில் பெயின்ட் பரவுமுன் தின்னர் பறந்து மேற்பரப்பு மணல்போல ஆகும். பனி விலகிய காலை நேரம் உகந்தது. தரையில் நீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு, ஸ்பிரே கன்னை 15 முதல் 20 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து, மணிக்கட்டை வளைக்காமல் கையை முழுதாக நகர்த்தி, ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மூடுமாறு அடியுங்கள். முதல் பூச்சு மெல்லியதாக, அடியிலுள்ள பிரைமர் சற்றே தெரியும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். முதலிலேயே நிறைவாக அடித்தால் பெயின்ட் வழியும். விளிம்புகளையும் உள் மடிப்புகளையும் முதலில் முடித்துவிட்டுப் பரந்த பரப்புக்கு வருவது நல்லது.

சேசிஸ் எண், இன்ஜின் எண் பொறித்த இடங்களில் பட்டியோ தடித்த பெயின்டோ படக் கூடாது. விற்கும்போதும் பெயர் மாற்றும்போதும் அவை தெளிவாகத் தெரிய வேண்டும். கிரீஸ் நிப்பிள், ரப்பர் குழாய், ஹைட்ராலிக் தண்டின் பளபளப்பான பகுதி ஆகியவற்றை டேப்பால் மூடுங்கள். ரேடியேட்டருக்கு மெல்லிய கறுப்பு ஒரு பூச்சு போதும், தடித்தால் சூடு வெளியேறாது. சைலன்சருக்குச் சாதாரண பிரைமர் வேண்டாம். வெறும் இரும்பின் மேல் சூடு தாங்கும் பெயின்டை நேரடியாக அடித்து, இன்ஜினைச் சிறிது சிறிதாக ஓட்டி இறுகவிட வேண்டும்.

எனாமல் தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு நாளில் வந்துவிட்டாலும், உள்ளே இறுகப் பல வாரங்கள் ஆகும். அதுவரை டீசல் சிந்தினால் உடனே துடையுங்கள், ஸ்டிக்கர் ஒட்டுவதையும் தள்ளிப்போடுங்கள். சக்கர நட்டு உட்காரும் இடத்தில் பெயின்ட் தடித்திருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கி நட்டு தளர்ந்துவிடும். அந்த இடத்தைச் சுரண்டி மெல்லிய பூச்சாக்கிய பிறகே பூட்ட வேண்டும். முதல் முறை வயலுக்கு ஓட்டிச்சென்று திரும்பியவுடன் ஸ்பானரை எடுத்து எல்லா நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.