களவுபோன வாத்தியம் பல வருடம் கழித்துக் கண்ணில் பட்டால்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

1980இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், கச்சேரி முடிந்த கையோடு வயலின் கலைஞர் ரோமன் டோட்டன்பெர்க்கின் வயலின் காணாமல் போனது. இத்தாலியக் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி 1734இல் செய்த, பெரும் விலைமதிப்புள்ள ஸ்ட்ராடிவேரியஸ் அது. ஓர் இளம் வயலின்காரர் மேல் அவருக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் வீட்டைச் சோதனை போடும் அளவுக்கு ஆதாரம் இல்லை. அந்தச் சந்தேகம் சரிதான் என்று ஊருக்குத் தெரிந்தது 2015இல். அதற்குள் அந்த ஆள் இறந்துவிட்டார். டோட்டன்பெர்க்கும் 2012இல், 101 வயதில் காலமாகியிருந்தார். வயலினை ஒரு மதிப்பீட்டாளரிடம் கொண்டுவந்து காட்டியவர் அந்த ஆளின் முன்னாள் மனைவி. தன் கையில் இருப்பது திருட்டுப் பொருள் என்பதே அவருக்குத் தெரியாது.

தொலைந்த வாத்தியத்தை வருடக்கணக்கில் தேடுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். மனதில் ஒரு திருடனை வைத்துக்கொண்டே தேடுகிறோம். கடைசியில் எதிரே வந்து நிற்பதோ, காசு கொடுத்து வாங்கிய இன்னொரு கலைஞர். இல்லையென்றால் தாத்தாவின் பரணைச் சுத்தம் செய்த ஒரு பேத்தி. திருடனிடம் பேசுவதுபோல் அவர்களிடம் பேசினால் காரியம் கெட்டுவிடும்.

"அது என்னுடையது!" என்று உடனே செய்தி அனுப்புவது

இரவு பதினொரு மணிக்கு ஏதோ ஒரு விற்பனைத் தளத்தில் உங்கள் கிதாரைப் பார்க்கிறீர்கள். கை நடுங்குகிறது. விற்பவருக்கு நான்கு வரி எழுதி அனுப்பிவிடுகிறீர்கள். காலையில் பார்த்தால் விளம்பரமும் இல்லை, விற்றவரின் கணக்கும் இல்லை. அவர் திருடனாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பயந்துபோன அப்பாவியும் இதைத்தான் செய்வார்.

முதலில் எல்லாவற்றையும் சேமித்துக்கொள்ளுங்கள். படங்கள் ஒவ்வொன்றும், விளம்பரத்தின் முகவரி, விற்பவரின் பெயர், கேட்ட விலை, பார்த்த தேதி, நேரம் எல்லாம் வேண்டும். அப்புறம் போலீஸிடம் போங்கள், பழைய புகார் எண்ணோடு. புகாரே கொடுக்காமல் விட்டிருந்தால் இப்போதாவது கொடுங்கள். பத்து வருடம் கழித்துப் புகாரா என்று கேட்பார்கள், கேட்கட்டும். காகிதத்தில் ஒன்றும் இல்லாமல் இருப்பதைவிட அது மேல்.

நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, வாங்க வந்தவர்போல் நடித்து, பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று ஒரு யோசனை வரும். வேண்டாம். அடிதடியில் முடியலாம். உங்கள் மேலேயே வழக்கு வரலாம். வாத்தியம் உடையவும் கூடும்.

சீரியல் எண்ணை மட்டும் நம்புவது

எண் இருந்தால் நல்லதுதான். ஆனால் கிதார் தயாரிக்கும் கிப்சன் நிறுவனமே 1960களிலும் 70களின் முற்பாதியிலும் ஒரே எண்ணை ஒன்றுக்கு மேற்பட்ட கிதார்களுக்குப் போட்டிருக்கிறது. எண்ணைச் சுரண்டியும் எடுத்துவிடலாம். வயலினில் நிலைமை இன்னும் மோசம். உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் ஸ்ட்ராடிவேரியஸ் என்று அச்சடித்து ஆலைகள் வெளியிட்ட வயலின்கள் உலகம் முழுக்கக் குவிந்து கிடக்கின்றன. சீட்டைக் காட்டி யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

நிறத்தை நம்புவதும் ஆபத்து. வயலின் மேதை புரோனிஸ்லாவ் ஹூபர்மனின் ஸ்ட்ராடிவேரியஸ் 1936இல் நியூயார்க் கார்னகி ஹாலில் திருடு போனது. அவர் மேடையில் தன் இன்னொரு வயலினை வாசித்துக்கொண்டிருந்த நேரம் அது. திருடு போன வயலினை வைத்திருந்தவர் அதன் மேலே ஷூ பாலிஷ் பூசிவிட்டு ஏறக்குறைய ஐம்பது வருடம் வாசித்தார். 1985இல் சாகும் தறுவாயில்தான் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்கள்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

அப்படியானால் எதை நம்புவது? மரத்தை. மரத்தின் வரிகள் கைரேகை மாதிரி. ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. கனடாவின் ராக் இசைக் கலைஞர் ராண்டி பாக்மனின் 1957ஆம் வருட கிரெட்ச் கிதார் 1976இல் டொரொண்டோவில் ஒரு ஹோட்டலிலிருந்து திருடு போனது. 2020இல் முன்பின் தெரியாத ஒருவர், பழைய படங்களில் அந்தக் கிதாரின் மர வரிகளைக் கவனித்து, இணையத்தில் கிடைத்த கிரெட்ச் படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, ஜப்பானிய இசைக்கலைஞர் ஒருவரின் கையில் அது இருப்பதைக் கண்டுபிடித்தார். 44 வருடம் கிடைக்காதது ஒரு கணினியின் முன் உட்கார்ந்தபடியே கிடைத்தது.

ஆகவே பழைய படங்களைத் தோண்டுங்கள். கச்சேரிப் படம், வீட்டு விசேஷப் படம், நண்பரின் ஆல்பம், வீடியோ என்று எதில் வேண்டுமானாலும் அது இருக்கலாம். பழுது பார்த்தவர்களைக் கேளுங்கள். உள்ளே எங்கே ஒட்டுப் போட்டார், எந்தப் பிருடையை (தந்தியை முறுக்கும் ஆணி) மாற்றினார் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாக நினைவிருக்கும். தந்திகளைத் தாங்கும் குதிரை, தந்தி, பிருடை எல்லாம் மாற்றக்கூடியவை, அவற்றை அடையாளமாக வைக்காதீர்கள். அடைத்த விரிசலும் நிரப்பிய துளையும் மறையாது.

இன்னொரு விஷயம்: எல்லா அடையாளங்களையும் ஊருக்கே அறிவித்துவிடாதீர்கள். உள்பக்கத்தில் பென்சிலால் எழுதிய ஒரு தேதி, பெட்டிக்குள் தைத்த ஒரு துணித்துண்டு, இப்படி ஒன்றிரண்டை ரகசியமாக வைத்திருங்கள். "உங்கள் வாத்தியம் என்னிடம் இருக்கிறது, முன்பணம் அனுப்புங்கள்" என்று வருகிறவரைச் சோதிக்க அது உதவும். அப்படி வருகிறவர்கள் நிச்சயம் உண்டு.

இன்சூரன்ஸ் பணம் வாங்கியதை மறப்பது

என்னைக் கேட்டால் மிகவும் வலிக்கும் தவறு இதுதான். இன்சூரன்ஸ் நிறுவனம் முழு இழப்பீடு கொடுத்துவிட்டால், பிற்பாடு கிடைக்கும் வாத்தியம் பெரும்பாலும் அந்த நிறுவனத்தைத்தான் சேரும். மின்-ஜின் கிம் என்ற வயலின் கலைஞரின் 1696ஆம் வருட ஸ்ட்ராடிவேரியஸ் 2010இல் லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தில் திருடு போனது. இழப்பீட்டை வாங்கி அவர் வேறொரு வயலின் வாங்கினார். 2013இல் பழைய வயலின் கிடைத்தது. ஆனால் அது இப்போது அவருடையதில்லை. திரும்ப வாங்கக் கையில் பணமும் இல்லை. அதே வருடம் டிசம்பரில் ஏலத்தில் 13.8 லட்சம் பவுண்டுக்குப் போனது.

டோட்டன்பெர்க் குடும்பம் இன்சூரன்ஸ் தொகையைத் திருப்பிச் செலுத்தித்தான் வயலினைத் தன் வசமாக்கியது. எனவே தேடலில் இறங்குவதற்கு முன்பே பழைய பாலிசியை எடுத்துப் படியுங்கள். பின்னால் கிடைத்தால் தொகையைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ளும் உரிமை அதில் இருக்கிறதா? இல்லையென்றால் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிளெய்ம் பணம் இனிமேல்தான் வரப்போகிறது என்றால் கையெழுத்துப் போடும் முன்பே இதைப் பேசிவிடுங்கள். பணம் கைமாறிய பிறகு பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்காது. நிறுவனத்துக்குச் சொல்லாமல் ரகசியமாக மீட்டுக்கொள்வது? அது மோசடியில் போய் முடியும்.

"திருட்டுப் பொருள்தானே, எங்கே இருந்தாலும் எனக்குத்தான்" என்று நினைப்பது

நியாயம் அப்படிச் சொல்லலாம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். திருடியவன் தனக்கில்லாத உரிமையை இன்னொருவருக்கு விற்க முடியாது என்பது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அடிப்படை. ஆனாலும் இங்கிலாந்தில், திருட்டு என்று தெரியாமல் ஒருவர் நல்லெண்ணத்தோடு வாங்கிய நாளிலிருந்து ஆறு வருடம் போனால் பழைய சொந்தக்காரரின் உரிமை போய்விடும். பிரான்சில் தொலைந்த நாளிலிருந்து மூன்று வருடம். அதற்குள் கேட்டாலும், அவர் அதைக் கடையிலோ ஏலத்திலோ வாங்கியிருந்தால் கொடுத்த விலையைத் தந்தாக வேண்டும். ஜப்பானில் இரண்டே வருடம். இத்தாலியில் நல்லெண்ணத்தோடு வாங்கியவர் பக்கம்தான் சட்டம் சாயும். நியூயார்க்கில் நேர் எதிர்: சொந்தக்காரர் கேட்டு, வைத்திருப்பவர் மறுத்த பிறகே காலக்கெடு ஓடத் தொடங்கும். ஆனால் அங்கேயும், தெரிந்த பிறகு வருடக்கணக்கில் சும்மா இருந்தால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

ஆக, வாத்தியம் எந்த நாட்டில், எத்தனை கை மாறியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, கலைப்பொருள் வழக்கில் பழக்கமுள்ள வக்கீலிடம் போங்கள். சட்டம் உங்கள் பக்கம் இல்லாத இடத்திலும் பேச்சு பலிக்கும். பாக்மன் அந்த ஜப்பானியக் கலைஞரைத் திருடர் என்று சொல்லவில்லை. அதே 1957இல் செய்த இன்னொரு கிரெட்ச் கிதாரைத் தேடிப் பிடித்து வாங்கி, 2022 ஜூலை 1 அன்று டோக்கியோவில் நேரில் மாற்றிக்கொண்டார். வழக்குப் போட்டிருந்தால் இது நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சன்மானம் அறிவிக்கும்போதும் கொஞ்சம் கவனம் வேண்டும். "எந்தக் கேள்வியும் கேட்க மாட்டோம்" என்று விளம்பரம் கொடுப்பது இங்கிலாந்தில் 1968ஆம் வருடத் திருட்டுச் சட்டப்படி குற்றம். பாவம், பறிகொடுத்தவரே குற்றவாளியாகும் விசித்திரம்.

ஒருமுறை அறிவித்துவிட்டு ஓய்ந்துபோவது

பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னியுடைய ஹாஃப்னர் பேஸ் கிதார் 1972இல் லண்டன் நாட்டிங் ஹில்லில் ஒரு வேனிலிருந்து திருடு போனது. 2023இல் தேடல் புதிதாகப் பகிரங்கமாக அறிவிக்கப்பட்ட சில மாதங்களில், ஒரு குடும்பத்தின் பரணில் கிடந்தது கிடைத்தது. உலகப் புகழ் உதவியது என்பது உண்மைதான். ஆனால் புதிய தலைமுறை ஒன்றுக்குப் பழைய செய்தியை மறுபடி சொன்னதும்தான் உதவியது. பரணில் வைத்திருந்தவர்களுக்கு 1972இன் செய்தி எங்கே தெரியும்?

இன்டர்போலின் திருட்டுக் கலைப்பொருள் பட்டியலில் போலீஸ் மூலம் சேர்க்கப் பாருங்கள். அதை யாரும் தேடிப் பார்க்க ஐடி-ஆர்ட் என்ற இலவசச் செயலி இருக்கிறது. தொலைந்த கலைப்பொருள்களின் பதிவேடான லண்டனின் ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டரிலும் பதியலாம். பழைய வாத்தியம் வாங்கி விற்பவர்கள், பழுது பார்ப்பவர்கள், ஏலக் கடைக்காரர்கள் ஆகியோருக்குப் படத்தோடு வருடம் ஒருமுறை கடிதம் போடுங்கள். தொலைபேசி எண் மாறினால் எல்லா இடத்திலும் மாற்றுங்கள். வாத்தியம் கிடைத்தும் சொந்தக்காரரை எட்ட முடியவில்லை என்றால் எத்தனை கொடுமை!

கையில் வந்தவுடன் சுருதி கூட்டி வாசிக்கத் தோன்றும். பல வருடம் தந்தி தளர்ந்து, வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த மரம் அது. திடீரென்று முழு இழுவிசை ஏற்றினால் ஒட்டு விட்டுவிடும். முதலில் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதானால் தந்தம், ஆமையோடு, பிரேசில் ரோஸ்வுட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப்படி அனுமதி இல்லாமல் சுங்கத்திலேயே பறிபோகலாம். கடைசியாக, போலீஸ் பதிவிலும் மற்ற பட்டியல்களிலும் அதை மீட்கப்பட்டதாக மாற்றச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை அதைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டும்போது, திருட்டு வாத்தியத்தோடு பிடிபடப் போகிறவர் நீங்கள்தான்.