மண்டபம் கைவிரித்தால்: திருமண வீட்டார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் நம்மவர் திருமணத்துக்கு நாள் குறிப்பது எளிதன்று. ஆடியையும் மார்கழியையும் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய மாதங்களில் சனி, ஞாயிறு பார்த்து முகூர்த்தம் தேட வேண்டியிருப்பதால், டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் மண்டபமானாலும் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் மண்டபமானாலும், எல்லாரும் அதே சில நாள்களைத்தான் கேட்கிறார்கள். பதிவு செய்த இடம் கடைசி நேரத்தில் இல்லையென்றால், அதே முகூர்த்தத்துக்கு இன்னோர் இடம் கிடைப்பது அரிது.

முன்பணம் கட்டியதும் இடம் உறுதியாகிவிட்டது என்று நம்புவதே பலர் செய்யும் பெரிய தவறு. என் தங்கையின் திருமணத்துக்கு ஆறு வாரம் இருக்கையில், புதுப்பிப்புப் பணி தொடங்குகிறது என்று மண்டபத்தார் தொலைபேசியில் தெரிவித்தனர். அன்றிரவுதான் ஒப்பந்தத்தை முழுமையாகப் படித்தோம். நாங்கள் விலகினால் எத்தனை விழுக்காடு பிடித்துக்கொள்வார்கள் என்பதற்கு அரைப் பக்கம் இருந்தது. அவர்கள் விலகினால், “முன்பணம் திருப்பித் தரப்படும்” என்ற ஒரே வரிதான். அச்சாகி வந்திருந்த நானூறு அழைப்பிதழுக்கு அதில் பதில் இல்லை. ஆகவே எத்தனை நாளுக்கு முன் அறிவிக்க வேண்டும், மாற்று இடம் தருவது யார் பொறுப்பு, அதனால் கூடும் செலவை யார் ஏற்பது என்பவற்றைக் கையெழுத்திடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உறவுக்காரர் மூலம் பிடித்த இடமாயிற்றே என்று தயங்க வேண்டாம்.

2020இல் கொவிட் காலத்துக்கெனத் தற்காலிகச் சட்டம் இயற்றி, நிகழ்ச்சிகளுக்குக் கட்டிய முன்பணம் பறிபோகாமல் அரசாங்கம் காத்தது. அந்தப் பாதுகாப்பு இன்றும் உண்டு என்று எண்ணுவதும் தவறு.

சமையல், மணவறை அலங்காரம், நாதஸ்வரம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே பேசுகிறவர்கள், இடம் மாறினாலும் அதே நாளில் வந்து செய்வார்களா என்று கேட்பதில்லை. கேட்டு, பதிலை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புளோக்கின் கீழ்த்தளத்தையோ சமூக மன்றத்தையோ மாற்றாக நினைத்திருந்தால், அனுமதி பெறும் முறையையும் இப்போதே விசாரித்துவிடுங்கள்.

பணத் தகராறு பேச்சில் தீராவிட்டால், சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் நாடலாம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் இல்லாமலேயே கோரலாம். ஆனால் அங்கே ஆதாரம் வேண்டும். எங்களுக்கு முன்பணத்தோடு அழைப்பிதழ்ச் செலவும் திரும்பக் கிடைத்தது என்றால், அம்மா பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்த ரசீதுகள்தான் காரணம்.