போர் மோட்டாருக்கு எம்.சி.பி.யும் கேபிளும் தேர்ந்தெடுப்பது எப்படி?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆயிரம் அடி போர் (ஆழ்துளைக் கிணறு) இப்போது சாதாரணம். ஆனால் கேபிள் வாங்கப் போனால் பெரும்பாலும் "எத்தனை எச்.பி.?" என்று மட்டும்தான் கேட்பார்கள். எத்தனை அடி என்பதை நீங்களாகச் சொல்லுங்கள். இவ்வளவு ஆழத்தில் கேபிளின் கனத்தை முடிவு செய்வது அதுதான்.

படி 1: ஆம்பியர்

மோட்டார் தகட்டில் இருக்கும் ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள். இறக்கிவிட்டால் படிக்க முடியாது, அதனால் முன்பே போனில் படம் எடுத்துவிடுங்கள். உதாரணத்துக்கு 5 எச்.பி., த்ரீ பேஸ், 10 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: நீளம்

மோட்டார் 950 அடியில் இருந்தால், ஸ்டார்ட்டர் வரை சேர்த்துச் சுமார் 300 மீட்டர். கோடையில் தண்ணீர் இறங்கினால் மோட்டாரையும் இறக்குவோம். அப்போது கேபிளை ஒட்டுப் போடாமல் இருக்க, போரின் முழு ஆழத்துக்கும் இப்போதே வாங்கிவிடுவது நல்லது.

படி 3: கேபிள் கனம்

காப்பர் கேபிளுக்குக் கணக்கு இதுதான்:

1.73 × மீட்டர் × ஆம்பியர் × 0.018 ÷ ஸ்கொயர் எம்.எம். = வழியில் குறையும் வோல்ட்

4 ஸ்கொயர் போட்டால் சுமார் 23 வோல்ட் போய்விடும். 415 வோல்ட்டில் அது 5 சதவீதத்துக்கும் மேல். 6 ஸ்கொயரில் 16 வோல்ட்தான், 4 சதவீதத்துக்குள் நிற்கும். நான் 6 ஸ்கொயரைத்தான் சொல்வேன். லைன் கடைசியில் இருக்கும் தோட்டங்களில் வோல்ட்டேஜ் ஏற்கெனவே குறைவு. அதிலும் குறைந்தால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்து, சூடாகி, உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருளான காயில் எரியும். காயில் கட்டும் செலவோடு மோட்டாரை மேலே தூக்கும் கூலியும் சேர்ந்துவிடும்.

படி 4: எம்.சி.பி.

எம்.சி.பி. என்பது மின்சாரம் அளவுக்கு மேல் பாய்ந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். அதன் ஆம்பியர் மோட்டார் இழுப்பதைவிடக் கூடுதலாகவும், கேபிள் தாங்குவதைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். இங்கே 16 ஆம்பியர், மூன்று பேஸையும் சேர்த்துத் துண்டிக்கும் மூன்று போல் (pole) எம்.சி.பி.

அடுத்து பி, சி, டி வகை. எத்தனை ஆம்பியர் பாய்ந்தால் உடனே விழும் என்பதில்தான் வித்தியாசம். நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும்போது ஆறேழு மடங்கு, அதாவது 60, 70 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பி வகை 48 முதல் 80 ஆம்பியருக்குள் உடனே விழும், அதனால் ஸ்டார்ட் ஆகும்போதே விழக்கூடும். சி வகை 80 முதல் 160 வரை. டி வகை 160 முதல் 320 வரை.

"மோட்டார்தானே, டி போடுங்கள்" என்பார்கள். ஆழமான போரில் யோசிக்க வேண்டும். அடியில் இரண்டு பேஸ் ஷார்ட் ஆனால், போக வர 600 மீட்டர் 6 ஸ்கொயர் கம்பியின் தடை 1.8 ஓம். அதிகபட்சம் 230 ஆம்பியர்தான் பாயும். அதற்கு டி வகை உடனே விழும் என்ற உத்தரவாதம் இல்லை, சி விழுந்துவிடும். அதனால் சி.

அடிக்கடி விழுகிறது என்று 32 ஆம்பியர் மாட்டிவிடாதீர்கள். விழும் காரணத்தைத் தேடுங்கள்.

படி 5: மற்ற பாதுகாப்பு

எம்.சி.பி. இருந்தாலும் ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே (மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்தால் நிறுத்தும் கருவி) வேண்டும். அதைத் தகட்டு ஆம்பியருக்கு வையுங்கள். ஒரு பேஸ் போனால் நிறுத்த சிங்கிள் பேஸ் பிரிவென்ட்டர், தண்ணீர் இல்லாவிட்டால் நிறுத்த டிரை ரன் கருவி. பேனல் பெட்டிக்கு எர்த் கட்டாயம்.

படி 6: இணைப்பு

இதை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விடுங்கள். கம்பி நுனிகளில் லக் (உலோக முனை) அடித்து முடுக்கச் சொல்லுங்கள், லூசாக இருந்தால் அந்த இடம் கருகும். ஓடவிட்டதும் கிளாம்ப் மீட்டரில் மூன்று பேஸ் ஆம்பியரையும் பார்த்துத் தகட்டோடு ஒப்பிட்டு, பேனல் கதவின் உள்பக்கம் தேதியோடு எழுதி வையுங்கள்.