பழைய ஸ்போர்ட்ஸ்டரை வீட்டில் பிரிப்பவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் கையைக் கடிக்காத விலைக்குப் பழைய வி-ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர்) க்ரூஸர் பைக் தேடினால் அடிக்கடி கண்ணில் படுவது ஹார்லி டேவிட்சன் ஸ்போர்ட்ஸ்டர். நான் இங்கே பேசுவது 1991 முதல் 2003 வரை வந்த கார்புரேட்டர் வண்டிகளைப் பற்றி: 883 அல்லது 1200 சிசி, சிலிண்டர்களுக்கு நடுவே 45 டிகிரி கோணம் உள்ள எஞ்சின், 5 கியர், ரேடியேட்டர் கிடையாது. வீட்டு கராஜில் வைத்துப் பார்த்துக்கொள்ள இவ்வளவு எளிமையான பெரிய வண்டி கிடைப்பது அபூர்வம். அந்த எளிமைதான் ஆபத்தும். இந்த வண்டிகளில் பார்க்கும் கோளாறுகளில் பல வயதால் வந்தவை இல்லை, முந்தைய ஓனர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்ததால் வந்தவை.

முதலில் ஆயில். இந்த எஞ்சினில் ஆயில் அடியில் தேங்கி நிற்காது, பக்கவாட்டில் தனி டேங்க்கில் இருக்கும். வண்டி சில வாரம் சும்மா நின்றால் டேங்க்கில் இருக்கிற ஆயில் மெல்லக் கசிந்து எஞ்சினுக்குள் இறங்கிவிடும். அந்த நேரத்தில் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு குறைவாகத்தான் காட்டும். உடனே ஒரு பாட்டிலை உடைத்து ஊற்றுவார்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்ததும் பம்ப் கீழே கிடந்ததையெல்லாம் திரும்ப டேங்க்குக்கு அனுப்பும், டேங்க் நிரம்பி வழியும், 1991 முதல் வந்த வண்டிகளில் சிலிண்டர் ஹெட்டின் மூச்சுக்குழாய் ஏர் கிளீனருக்குள் திறப்பதால் ஆயில் அந்த வழியாக வந்து வலது காலில் சொட்டும். இதைப் பார்த்து பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று எஞ்சினைப் பிரிக்கக் கிளம்பியவர்கள் உண்டு. ஒரு சுற்று ஓட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, மேனுவல் சொல்கிறபடி வண்டியை நிறுத்தி அளவு பாருங்கள். அதற்கு முன் பாட்டில் மூடியைத் திறக்க வேண்டாம்.

இதோடு இன்னொரு குழப்பம்: எஞ்சின் ஆயில் வேறு, இடது பக்க பிரைமரி கவருக்குள் ஊற்றுகிற ஆயில் வேறு. பிரைமரி செயின் (எஞ்சின் சக்தியைக் கிளட்ச்சுக்குக் கொண்டுபோவது), கிளட்ச், கியர் பாக்ஸ் மூன்றுக்கும் அந்த இரண்டாவது ஆயில்தான், சுமார் 1 குவார்ட் (ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) பிடிக்கும். வண்டியை நேராக நிறுத்தி, கிளட்ச்சின் வட்ட ஸ்பிரிங் அடிவிளிம்பைத் தொடுகிற அளவுக்கு ஊற்றினால் போதும். கிளட்ச் இந்த ஆயிலில் நனைந்தபடி ஓடுவதால், பெட்ரோல் மிச்சமாகும் என்று லேபிள் ஒட்டிய கார் ஆயிலை இதில் ஊற்றக் கூடாது. வழுக்க ஆரம்பித்துவிடும். வடிக்கும் போல்ட்டின் காந்த நுனியில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, உலோகத் துண்டு ஒட்டியிருந்தால்தான் பிரச்சினை.

பிரைமரி செயினை விறைப்பாக வைப்பது நல்லது என்ற நினைப்பு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 3/8 முதல் 1/2 அங்குலம் வரை ஆட்டம் இருக்க வேண்டும், சூடாக இருந்தால் 1/4 முதல் 3/8. எஞ்சின் சூடாகும்போது கேஸ் விரிந்து செயின் தானாகவே இறுகும், ஏற்கெனவே விறைப்பாக இருந்தால் அந்த இழுப்பு முழுக்க பேரிங்கில் போய் விழும். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை என்பதால் ஒரே இடத்தில் அளந்துவிட்டு மூடிவிடாதீர்கள். பின் சக்கரத்தைத் தூக்கி, கியரில் போட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நான்கைந்து இடத்தில் பாருங்கள். எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும்.

நியூட்ரல் விழவில்லை, கிளட்ச் ஒட்டுகிறது என்றால் எல்லோரும் கேபிளைத்தான் திருகுவார்கள். வரிசை தலைகீழ். முதலில் கேபிளை முழுக்கத் தளர்த்த வேண்டும். அப்புறம் பிரைமரியின் சின்ன மூடியைத் திறந்து, உள்ளே இருக்கிற ஸ்குரூவை இடப்பக்கமாக, லேசாகத் தட்டும் வரை திருப்பி, அங்கிருந்து வலப்பக்கம் கால் சுற்று. இதை முடித்த பிறகுதான் கேபிள், அதிலும் லீவரில் 1/16 முதல் 1/8 அங்குலம் ஆட்டம் விட வேண்டும். இத்தனையும் சரியாகச் செய்தும் ஒட்டினால் கிளட்ச் பிளேட்டுகளுக்கு நடுவில் இருக்கிற ரிவெட் அடித்த ஸ்பிரிங் பிளேட்டைச் சந்தேகப்படுங்கள். ரிவெட் கழன்று உள்ளே சுற்றினால் மொத்த கிளட்ச்சையும் கெடுக்கும், அதனால்தான் பலர் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாதாரண பிளேட்டுகளைப் போட்டுவிடுகிறார்கள்.

கார்புரேட்டர் மேல்தான் அதிக பழி விழுகிறது. ஐட்லிங் நிற்கவில்லை, கார்புரேட்டர் தும்முகிறது, உடனே பெரிய ஜெட் (பெட்ரோல் பாயும் துளையுள்ள சின்னத் திருகு) ஆர்டர் போடுவது. ஐயா, நேற்றுவரை அதே ஜெட்டில்தானே ஓடியது? இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். ஒன்று, கார்புரேட்டரிலிருந்து வரும் மேனிஃபோல்ட் குழாயும் சிலிண்டர் ஹெட்டும் சேருகிற இடத்து ரப்பர் சீல் காய்ந்து காற்று இழுப்பது. ஐட்லிங்கில் ஓடும்போது அந்த இணைப்பில் தண்ணீரை மெல்ல ஸ்ப்ரே செய்து பாருங்கள், எஞ்சின் சத்தம் மாறினால் சீல்தான் காரணம். கார்புரேட்டர் கிளீனரைச் சூடான எஞ்சின் மேல் அடித்துச் சோதிப்பதை வீடியோக்களில் காட்டுகிறார்கள், தீப்பிடிக்கக்கூடிய வேலை அது, வீட்டு கராஜுக்குள் வேண்டவே வேண்டாம். இரண்டாவது, குளிர்காலம் முழுக்க நின்ற பெட்ரோல். அமெரிக்காவில் பம்ப்பில் கிடைப்பதில் பெரும்பாலும் 10 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, மாதக்கணக்கில் நின்றால் ஐட்லிங்குக்கான பைலட் ஜெட்டின் நுண்ணிய துளை அடைத்துக்கொள்ளும். கழற்றி ஊறவைத்து ஊதுங்கள், கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். மேலே இருக்கிற ரப்பர் டயஃப்ரத்தில் கிளீனர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உப்பிப்போய் திரும்ப உட்காராது. 1995 முதல் வந்த வண்டியில் பெட்ரோல் குழாயைக் கழற்றினால் ஒரு சொட்டுகூட வராது, அடைப்பு என்று நினைக்காதீர்கள். எஞ்சின் இழுத்தால்தான் திறக்கிற மாதிரி வால்வு அது.

ஸ்டார்ட்டர் டக் டக் என்கிறதா? ஸ்டேட்டரை (பேட்டரியை சார்ஜ் செய்யும் காயில்) வாங்குவதற்கு முன் பேட்டரி முனைகளை இறுக்குங்கள். 2003 வரை எஞ்சினை நேராக ஃபிரேமில் போல்ட் செய்திருக்கிறார்கள், நடுவில் ரப்பர் இல்லை. அதிர்வில் எல்லாமே கழலும், எர்த் கேபிளும்தான். நல்ல பேட்டரி சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும், எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கினால் 14 வோல்ட் பக்கம் போக வேண்டும்.

இனி மரை. கேஸ் முழுக்க அலுமினியம், போல்ட் ஸ்டீல், எல்லாம் அங்குல அளவு. 1/2 அங்குல நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறத்தான் செய்யும், ஏறி மூலையைச் சீவிவிடும். இதைவிட மோசமானது டார்க் அளவைத் தப்பாகப் படிப்பது. மேனுவலில் சின்ன போல்ட்டுகளுக்கு அங்குல-பவுண்டு, பெரியவற்றுக்கு அடி-பவுண்டு. மாற்றிப் படித்தால் 12 மடங்கு இறுக்குகிறீர்கள். பிரைமரி வடிகால் போல்ட்டின் மரை போன வண்டிகள் ஏராளம். ஸ்பார்க் பிளக்கை எஞ்சின் ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும்.

டேப்பட் அட்ஜஸ்ட்மென்ட் (வால்வு இடைவெளியைச் சரிசெய்வது) கேட்டுச் சிலர் வருவார்கள். 1985 வரை வந்த இரும்பு ஹெட் எஞ்சினுக்குத்தான் அந்த வேலை. 1986 முதல் ஆயில் அழுத்தத்தில் இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர், அட்ஜஸ்ட் செய்ய எதுவுமே இல்லை. ராக்கர் பாக்ஸ் (ஹெட்டுக்கு மேலே இருக்கிற மூடி) கேஸ்கெட் மாற்றினால் மட்டும் ஒரு கவனம் வேண்டும்: இறுக்கியதும் எஞ்சினைச் சுற்றாதீர்கள். லிஃப்டரில் இருக்கிற ஆயில் இறங்கி, அந்த சிலிண்டரின் இரண்டு புஷ்ராடும் (லிஃப்டரின் அசைவை மேலே கொண்டுபோகும் கம்பி) விரலில் தாராளமாகச் சுழலும் வரை காத்திருங்கள். அவசரப்பட்டால் ராட் வளையும், வால்வும் தப்பாது.

பிரேக் ஆயிலுக்கு மூடியைப் படிக்காமல் கை வைக்காதீர்கள். இந்த வருட வண்டிகளில் டாட் 5 என்று எழுதியிருக்கும், அது சிலிக்கான் வகை. கடையில் அதற்குப் பக்கத்திலேயே டாட் 5.1 இருக்கும், பெயர் ஒட்டினாற்போல் இருந்தாலும் அது டாட் 4 இனத்தைச் சேர்ந்தது. இரண்டும் கலக்கவே கூடாது. முந்தைய ஓனர் எதை ஊற்றினார் என்று தெரியாவிட்டால் மேலே கொஞ்சம் நிரப்பிச் சமாளிக்காமல், முழுக்க வடித்து, குழாயையும் காலிப்பரையும் சுத்தம் செய்து, ரப்பர் சீல்களை மாற்றிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.