ஊரார் கூடி இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அமைக்கும் முறை

அருங்காட்சியகம் தொடங்க ஊரார் கூடும்போது பேச்சு பெரும்பாலும் கட்டடத்தையே சுற்றி வருகிறது. ஆனால் முதல் செலவு ஒரு தடித்த பதிவேட்டுக்கு ஆகட்டும். வந்து சேரும் ஒவ்வொரு பொருளுக்கும் எண் இட்டு, அது எங்கே, எந்த நாளில், யாரால் எடுக்கப்பட்டது என்பதை அன்றே எழுதிவிட வேண்டும். பிரிட்டனில் பல்லாண்டுகளாகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்த பறவை முட்டைகளை ஆராய்ந்த இயற்கையியலாளர் டெரெக் ராட்க்ளிஃப், 1940-களின் பிற்பகுதியிலிருந்து பொரி வல்லூறு முதலிய வேட்டைப் பறவைகளின் முட்டை ஓடு மெலிந்துவந்ததை 1967-இல் வெளியிட்டார், டி.டி.டி. பூச்சிக்கொல்லியே காரணம் என்பது பின்னர் உறுதியானது. முட்டைகள் எடுக்கப்பட்ட ஆண்டு குறிக்கப்படாமல் போயிருந்தால் அவற்றிலிருந்து இதை யாரும் அறிந்திருக்க முடியாது.

எண்ணும் விவரமும் எழுதிய சீட்டை, பூச்சியைக் குத்தி வைத்த ஊசியிலேயே பூச்சிக்குக் கீழே கோத்துவிடுங்கள். கெடாமலிருக்க எரிசாராயத்தில் இட்ட உயிரிகளுக்குச் சீட்டைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும், வெளியே ஒட்டியது உரிந்துவிடும்.

அடுத்த பகை வண்டு. பாடம் செய்த பறவையின் அடியிலோ பூச்சிப்பெட்டியின் மூலையிலோ பழுப்புத் தூள் உதிர்ந்திருந்தால், அவ்வண்டின் மயிரடர்ந்த சிறு புழுக்கள் உள்ளே தின்றுகொண்டிருக்கின்றன என்று பொருள். ஆகவே புதிதாக வரும் உலர்ந்த மாதிரிகளை மற்றவற்றுடன் சேர்க்கும் முன், பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி செல்சியசில் இரண்டு வாரம் உறையவைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் பையை அவிழ்க்காமல் ஒரு நாள் விட்டால், நீர்த்துளிகள் பையின் வெளிப்புறத்திலேயே படியும், இறகு நனையாது. பழைய பாடப் பறவைகளில் ஆர்செனிக் பூசியிருக்கக்கூடும் என்பதால் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். குழந்தைகள் தொட்டுப் பார்க்கக் கல், கிளிஞ்சல், விதை ஆகியவற்றைத் தனியே வையுங்கள்.

காட்டுயிர்களின் உடல், கொம்பு, முட்டை ஆகியவற்றை வைத்திருக்கச் சட்டப்படி அனுமதி தேவையா என்பதை ஏற்கும் முன்பே உரிய துறையிடம் கேட்டறிய வேண்டும். கொடுப்பவரிடம், பொருள் முழு உரிமையுடன் அளிக்கப்படுகிறது என்று கையெழுத்து பெறுங்கள்.

தொகுப்பு வளரத் தொடங்கியதும், சுற்றுவட்டாரத்தோடு தொடர்பில்லாதவற்றை மறுக்கும் துணிவு வேண்டும். வருவதையெல்லாம் வாங்கினால் அலமாரி நிறையும், கவனிக்க ஆள் போதாது. ஏதேனும் ஒரு காலத்தில் அருங்காட்சியகம் மூடப்பட நேர்ந்தால் மாதிரிகளும் பதிவேடும் பிரியாமல் எந்த நிறுவனத்தைச் சேர வேண்டும் என்பதையும், அந்நிறுவனத்தின் ஒப்புதலுடன், தொடக்க விதிகளிலேயே எழுதி வையுங்கள்.